மாரியம்மனை எழுதிய செருமானியர்

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் செருமனியைப் பற்றிக் கேட்டால் காற்பந்தையும் மகிழுந்தையும் சொல்வார்கள். மாரியம்மனையும் ஐயனாரையும் பற்றி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதிய ஒருவர் அந்நாட்டில் பிறந்தவர் என்பதை அவர்கள் அறியார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், விவிலியத்தைத் தமிழில் அச்சிட்ட பாதிரியார் என்ற ஒற்றை வரியோடு நானும் அவரைக் கடந்து வந்தவன்தான்.

அவர் பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. சாக்சனிப் பகுதியில் உள்ள புல்சுநிட்சு எனும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு பிறந்தார். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு அனுப்பிய சமயப் பணியாளராக, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறிப்புகளோடு பட்டியலிட்டார். ஐரோப்பியர் கற்பதற்காக அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஆலே நகரில் அச்சேறியது.

அவர் நூல்களில் நம் தோட்டத்து மக்களுக்கு மிக நெருக்கமானது, 1713இல் எழுதி முடித்த ‘மலபார்த் தெய்வங்களின் மரபு வரலாறு’ ஆகும். அக்கால ஐரோப்பியர் தமிழரை ‘மலபாரிகள்’ என்றே அழைத்தனர். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களோடு அவர் நின்றுவிடவில்லை. நூலின் ஒரு பகுதியைக் கிராம தேவதைகளுக்கென்றே ஒதுக்கினார். ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி ஆகியோரின் உருவம், கோயில், படையல், திருவிழா என ஒவ்வொன்றையும் பதிவு செய்தார். சுவடிகளைப் படித்ததோடு, தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்டு, அவர்கள் தந்த விடைகளையும் திரட்டினார்.

அவர் மதம் மாற்ற வந்தவர் என்பதையும், நம் வழிபாட்டைப் பிழையெனக் கருதியவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தமிழர் நாகரிகமற்றவர் என்று தாம் முன்பு எண்ணியது தவறு என எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது.

கையெழுத்துப்படி ஆலே நகருக்குச் சென்றது. அங்கிருந்த தலைவர் பிராங்கே அதனை வெளியிட மறுத்தார். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் வாதம். சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் அகவையில் தரங்கம்பாடியில் மறைந்தார். அந்நூலோ 1867இல்தான், வில்கெல்ம் கெர்மன் என்பவரின் மாற்றங்களோடு சென்னையில் அச்சானது. இடையே கழிந்தவை 154 ஆண்டுகள். மூலப்படியை அறிஞர் தானியேல் செயராசு பதிப்பித்து 2003இல் வெளியிட்டார்.

அவர் எழுதிவைத்த அதே அம்மனைத்தான் நம் முன்னோர் கப்பலேறிக் கொண்டுவந்து இரப்பர் மரங்களுக்கிடையே குடியேற்றினர். இன்று செனாவாங் வட்டாரத்தில் தோட்டங்கள் இருந்த இடங்களில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்டன. தோட்டத்துக் கோயிலின் கதை, தீமிதியின்போது பாடிய பாட்டு, முனியாண்டிக்கு இட்ட படையல் ஆகியவற்றை அறிந்த முதியவர்கள் குறைந்து வருகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, “எங்கப் பாட்டிக்கு மாரியம்மன் தாலாட்டு முழுசாத் தெரியும் சார்” என்றாள். ஆண்டிறுதி விடுமுறையில் சென்று எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். விடுமுறை வருமுன்னே பாட்டி காலமானார். சீகன்பால்குவின் ஏடு 154 ஆண்டுகள் காத்திருந்தது. மனிதர் காத்திருப்பதில்லை.

அதன்பின் என் மாணவர்களுக்கு ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் ஒரு பணி தருகிறேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு கதையோ பாட்டோ கேட்டு, சொன்னவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் நாளும் குறித்து, அவர் சொன்னபடியே எழுதி வர வேண்டும். ஆசிரிய நண்பர்கள் தத்தம் பள்ளிகளிலும் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு பயிற்சிப் புத்தகமும் எழுதுகோலும் போதும்.