பேராயர் மானிக்ஸும் இரண்டு வாக்கெடுப்புகளும்

சமயத் தலைவர் ஒருவர் நாட்டு நடப்பைப் பற்றிப் பேசலாமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. சிறுபான்மையாய் வாழும் சமுதாயத்தில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. அவர் பேசினால், நாட்டுப்பற்று அற்றவர் என்னும் பழி அவர்மீது மட்டுமின்றி அவருடைய மக்கள்மீதும் விழும். வாய்மூடி இருந்தாலோ, அநீதிக்கு உடந்தையானாய் என்று அவருடைய மனச்சான்றே அவரைக் குற்றம் சாட்டும். இந்த இக்கட்டில் அரை நூற்றாண்டுக் காலம் நின்ற ஒருவரின் வரலாற்றை இங்கே எண்ணிப்பார்க்க விழைகிறோம். அவர்தாம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கத்தோலிக்கப் பேராயராய் விளங்கிய டேனியல் மானிக்ஸ்.

1864ஆம் ஆண்டு அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1903இல் மேனூத் குருத்துவக் கல்லூரியின் தலைவரானார். அதே ஆண்டில் மன்னர் ஏழாம் எட்வர்டும், 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அக்கல்லூரிக்கு வந்தபோது அவர்களைச் சிறப்புடன் வரவேற்றார். அயர்லாந்தின் விடுதலை விரும்பிகள் முகம் சுளித்தனர். பல்கலைக்கழக நுழைவுக்கு ஐரிஷ் மொழி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கடுமையாக வாதாடிய பேராசிரியர் மைக்கேல் ஓஹிக்கி 1909இல் பதவி நீக்கப்பட்டதும் மானிக்ஸின் தலைமைக் காலத்தில்தான். இத்தகைய மனிதரைக் கண்டு பிற்காலத்தில் ஆங்கில அரசே அஞ்சும் என்று அன்று எவர் எண்ணியிருப்பர்?

1913இல் அவர் மெல்போர்னுக்குத் துணைப் பேராயராய் வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலிய மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். அவர்களுள் பெரும்பாலோர் ஐரிஷ் வழிவந்தோர், உழைத்துப் பிழைப்போர். அரசுப் பள்ளிகளுக்காக வரியும் செலுத்தி, தம் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகளையும் தம் பொருளிலேயே நடத்திவந்தனர். இந்த இரட்டைச் சுமை அநீதி என்று வந்தவுடனேயே குரல் எழுப்பினார் மானிக்ஸ். சர்ச்சையும் உடன் தொடங்கியது.

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1915 ஏப்ரல் 25இல் கலிப்போலிக் கரையில் துருக்கியப் படையை எதிர்த்து இறங்கிய ஆஸ்திரேலியர் யாவரும் தாமே முன்வந்து படையில் சேர்ந்தவர்கள். பின்னர் பிரான்சின் போர்க்களங்களில் உயிர்ச்சேதம் பெருகிற்று. தொண்டர் வரவோ குறைந்தது. பிரதமர் பில்லி ஹியூஸ், கடல் கடந்த போருக்கு இளைஞர்களைக் கட்டாயமாக அனுப்பும் அதிகாரம் வேண்டி மக்களின் வாக்கைக் கேட்டார். இதற்குச் சில மாதங்களுக்கு முன், 1916 ஏப்ரலில், டப்ளினில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கில அரசு ஒடுக்கி, அதன் தலைவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தது. ஐரிஷ் மக்களின் உள்ளம் கொதித்திருந்த வேளை அது.

1916 அக்டோபர் 28இல் நடந்த வாக்கெடுப்பில் கட்டாயச் சேவை தோற்றது. வெற்றி தோல்விக்கு இடையே நின்றவை ஏறத்தாழ 72,000 வாக்குகளே. இவ்வெற்றி முழுவதும் மானிக்ஸையே சாரும் எனச் சொல்வது வரலாறாகாது. அம்முறை அவர் பேசியது மிகக் குறைவு. அவர் வாழ்ந்த விக்டோரியா மாநிலமே கட்டாயச் சேவைக்கு ஆதரவாக வாக்களித்தது. தொழிற்சங்கத்தாரும், வயலுக்கு ஆள் வேண்டிய உழவர் பலரும் எதிர்த்து நின்றதாலேயே அது தோற்றது.

1917 மே மாதம் அவர் பேராயரானார்; குரலும் ஓங்கியது. இப்போர் வணிகப் போட்டியில் விளைந்த போர் என்றார். நாடெங்கும் புயல் எழுந்தது. அவரை நாடு கடத்த வேண்டும் என்று கூக்குரலிட்டனர். மானிக்ஸ் பின்வாங்கவில்லை. பேராயர் என்ற முறையில் அன்று, குடிமகன் என்ற முறையிலேயே பேசுவதாக விளக்கம் தந்தார். 1917 டிசம்பர் 20இல் இரண்டாம் வாக்கெடுப்பும் தோற்றது. வேறுபாடு 1,60,000ஐக் கடந்தது. இம்முறை விக்டோரியாவும் 'வேண்டாம்' என்றது.

இதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் எளிய கத்தோலிக்கக் குடும்பத்தினர். அண்டை வீட்டாரின் பார்வையிலும் பணியிடத்திலும் புகுந்த கசப்பு பல்லாண்டுகள் நீடித்தது. இத்தனைக்கும் அவர்களுடைய மைந்தர்களும் போர்க்களத்தில் மாண்டிருந்தனர். 1920இல் புனித பேட்ரிக் நாள் ஊர்வலத்தில், விக்டோரியா சிலுவை என்னும் உயரிய வீரப் பதக்கம் பெற்ற 14 பேர் வெண்குதிரைகளில் அமர்ந்து மானிக்ஸுடன் சென்றனர். ஐயுற்றோர்க்கு அதுவே மறுமொழியாயிற்று.

அவ்வாண்டே அமெரிக்கா வழியாகத் தாயகம் புறப்பட்டார். ஆகஸ்ட் மாதத்தில் அவர் பயணம் செய்த 'பால்டிக்' கப்பலை ஆங்கிலப் போர்க்கப்பல் இடைமறித்தது. அயர்லாந்து மண்ணை மிதிக்கவிடாமல் அவரை இங்கிலாந்தின் பென்சான்ஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. லிவர்பூல், மான்செஸ்டர், கிளாஸ்கோ நகரங்களுக்குச் செல்லவும் தடை. காத்திருந்த முதிய தாயின் முகத்தை அப்போது காண இயலவில்லை. ஒரு மாலுமியையும் இழக்காமல் கடற்படை பெற்ற மாபெரும் வெற்றி இது என்று நகைத்தாராம் அவர். மன்னர்களை வரவேற்ற மனிதருக்கு மன்னரின் கப்பற்படை தந்த வரவேற்பு அது!

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டதையும் அறமற்ற செயல் என்று கண்டித்தார். அது நேசநாடுகளின் வெற்றி என்பதற்காக அவர் நா அடங்கவில்லை.

ஆயினும் முதுமையில் அவர் எடுத்த ஒரு நிலைப்பாட்டை நாம் மறைத்தல் முறையன்று. தொழிற்சங்கங்களில் பொதுவுடைமையாளரின் செல்வாக்கை ஒழிக்க சாந்தமாரியா என்பவர் நடத்திய மறைமுக இயக்கத்துக்கு அவர் முழு ஆதரவு தந்தார். 1955இல் தொழிற்கட்சி பிளவுண்டது. 1972 வரை அக்கட்சியால் நடுவண் ஆட்சியைப் பிடிக்க இயலவில்லை. சிட்னியின் கர்தினால் கில்ராய் அவ்வழியை ஏற்கவில்லை. 1957இல் ரோமாபுரியும் திருச்சபைக்கும் அவ்வியக்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுக்கும்படி பணித்தது. ஒரே கோயிலில் தொழுதவர்களும் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களும் இரு கூறாயினர்.

1963 நவம்பர் 6இல், 99ஆம் வயதில் அவர் மறைந்தார். அம்மாதத் தேர்தலின்போதுதான், தனியார் பள்ளிகளின் அறிவியல் கூடங்களுக்கு அரசு உதவி அளிப்பதாகப் பிரதமர் மென்சிஸ் வாக்களித்திருந்தார். ஐம்பதாண்டுக் கோரிக்கை கனியத் தொடங்கிய வேளையில் கேட்டவர் இல்லை.

1917இல் அவர் பகிரங்கமாகப் பேசினார். முடிவை வாக்காளரின் கையில் விட்டார். 1955இல் அவருடைய பதவியின் நிழல் ஒரு கட்சிப் பூசலின்மேல் படிந்தது. முன்னது மக்களுக்குத் துணிவைத் தந்தது. பின்னது பிளவைத் தந்தது. சமயத் தலைவர் பேசலாமா என்று தொடக்கத்தில் கேட்டோம். பேசத்தான் வேண்டும், ஆனால் கேட்போரின் மனச்சான்றை எழுப்பும் அளவில் அப்பேச்சு நிற்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தாமே முடிவு செய்யத் தொடங்கும்போது, எத்தனை பெரிய மனிதரும் தம் மக்களுக்கே சுமையாகிவிடுகிறார். மானிக்ஸின் நீண்ட வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.