வீடியோவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்: காக்ளியர் இம்ப்ளான்ட்டின் இன்னொரு வரலாறு

இந்த எபிசோடை ஒரு வீடியோவிலிருந்து ஆரம்பிக்கலாம். நீங்களும் கட்டாயம் பார்த்திருப்பீங்க. குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் சித்தியோ மாமாவோ அனுப்பியிருப்பாங்க. அம்மா மடியில் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை. காதுக்கு மேலே, தலையில் ஒட்டின மாதிரி வட்டமா ஒரு சின்னக் கருவி. கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. அப்புறம் குழந்தை சட்டென்று நிமிரும். கண் விரியும். சிரிக்கும், இல்லைன்னா ஓவென்று அழும். அம்மாவும் அழுவாங்க. பார்க்கிற நமக்கும் தொண்டை அடைக்கும்.

அதை இன்னொரு தடவை பாருங்க. ஓரத்தில் ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். பாதி நேரம் அவருடைய முதுகுதான் தெரியும். அவர்தான் ஆடியாலஜிஸ்ட். கருவியை ஆன் செய்தவரும் அவர்தான். காக்ளியர் இம்ப்ளான்ட்டின் வரலாற்றை வழக்கமாக சர்ஜன்களின் கதையாகச் சொல்வார்கள், இல்லையென்றால் எங்களை மாதிரி இன்ஜினியர்களின் கதையாகச் சொல்வார்கள். இன்னைக்கு அதே கதையை அந்த ஓரத்து நாற்காலியிலிருந்து பார்க்கப் போறோம்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

முதல்ல அடிப்படை. நம் உட்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதுதான் காக்ளியா. நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். அதன் உள்ளே சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த சுருதிகளைப் பிடிக்கும், உள்ளே சுருளின் நுனியில் இருப்பவை தாழ்ந்த சுருதிகளைப் பிடிக்கும். ஒரு பியானோவைச் சுருட்டி வைத்த மாதிரி.

பெரும்பாலான கடுமையான காதுகேளாமையில் பழுதாகியிருப்பது இந்த மயிரணுக்கள்தான். பின்னால் செவிநரம்பு பிழைத்திருக்கும். சாதாரண காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும், ஆனால் வாங்கிக்கொள்ள மயிரணு இல்லையென்றால் எவ்வளவு பெரிதாக்கியும் பயனில்லை. அதனால், மயிரணுவைத் தாண்டி நேரடியாக நரம்புக்கே மின்துடிப்பு கொடுத்தால் என்ன? காக்ளியர் இம்ப்ளான்ட் மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

பாரிஸ், 1957

1957 பிப்ரவரி 25. பாரிஸில் ஆந்த்ரே ஜூர்னோ, சார்ல்ஸ் எய்ரியெஸ் என்ற இருவர், இரண்டு காதும் கேளாத ஒருவருக்குக் கம்பிச்சுருள் ஒன்றை உள்ளே வைத்து செவிநரம்பைத் தூண்டினார்கள். அவருக்குச் சத்தம் கேட்டது. பயிற்சிக்குப் பிறகு சில சொற்களைப் பிரித்தறியவும் முடிந்தது. ஆனால் கருவி பழுதானது. இன்னொன்று வைத்தார்கள், அதுவும் பழுதானது. அதோடு நின்றுவிட்டது.

அந்தச் செய்தி வந்த பேப்பர் கட்டிங்கை ஒரு நோயாளி எடுத்துக்கொண்டு போய் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் என்ற காது மருத்துவரிடம் கொடுத்தார். ஹவுஸ் 1961-இல் தன் முதல் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அந்தக் கருவிகளை உடல் ஏற்கவில்லை, எடுத்துவிட வேண்டியதாயிற்று. பிறகு ஜாக் அர்பன் என்ற இன்ஜினியரோடு சேர்ந்து, ஒரே ஒரு எலக்ட்ரோடு உள்ள கருவியை உருவாக்கினார்.

விஞ்ஞானிகள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: ஆயிரக்கணக்கான மயிரணுக்கள் செய்கிற வேலையை ஒரு கம்பி எப்படிச் செய்யும்? ஹவுஸோ, என் நோயாளிகளுக்குக் கேட்கிறதே என்றார். வருடக்கணக்காக இழுத்த சண்டை இது.

"கேட்கிறது" என்றால் என்ன அர்த்தம்?

இங்கேதான் ஆடியாலஜி உள்ளே வருகிறது. அந்தத் துறையே அப்போது புதுசு. இரண்டாம் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் கேள்வித்திறனை இழந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்காக ராணுவ மருத்துவமனைகளில் மறுவாழ்வு மையங்கள் வந்தன. அதில் ஒன்றில் வேலை செய்தவர் ரேமண்ட் கார்ஹார்ட். ஆடியாலஜியின் தந்தை என்று சொல்லப்படுபவர். ஒருவருக்குக் காது மெஷின் பொருத்திவிட்டு "கேக்குதா?" என்று கேட்டு அனுப்பிவிடக் கூடாது, சொற்களைச் சொல்லி எத்தனை புரிகிறது என்று அளக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இம்ப்ளான்ட் சண்டையைத் தீர்க்க இதே வழியைத்தான் எடுத்தது. பிட்ஸ்பர்க்கில் ராபர்ட் பில்கர் என்ற ஆய்வாளரின் குழுவிடம், ஒற்றை எலக்ட்ரோடு வைத்த 13 பேரை அனுப்பி, முழுசா சோதித்துச் சொல்லுங்கள் என்றது. 1977-இல் அறிக்கை வந்தது. இரண்டு தரப்புக்கும் அதில் பதில் இருந்தது. கருவியை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் பேச்சைப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எளிதாகியிருந்தது. தங்கள் சொந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கட்டுப்படுத்த முடிந்தது.

சத்தம் கேட்பது வேறு, பேச்சு புரிவது வேறு. இந்த இரண்டையும் தனித்தனியாக அளந்து காட்டியதால்தான் அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெளிவானது.

மெல்போர்ன்: ஷிப், கோட், ரிச்

ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்ற மருத்துவர் அந்த இடத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா மருந்துக்கடைக்காரர், காது சரியாகக் கேட்காதவர். கடைக்கு வருகிறவர்கள் என்ன மருந்து வேண்டும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததைப் பார்த்தே வளர்ந்தவர் கிளார்க்.

1978 ஆகஸ்ட் 1 அன்று ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பத்து சேனல் கொண்ட இம்ப்ளான்ட்டை கிளார்க் வைத்தார். சாண்டர்ஸ் ஒரு கார் விபத்தில் கேள்வித்திறனை இழந்தவர். ஒரு சோதனையில் தேசிய கீதத்தின் மெட்டைக் கொடுத்ததும் அவர் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் மெட்டு, தாளம் இதெல்லாம் ஓரளவு எளிது. பேச்சு?

அதற்காக, ஒவ்வொரு எலக்ட்ரோடாகத் தூண்டி, எப்படி இருக்கிறது என்று சாண்டர்ஸிடமே கேட்டார்கள். ஒவ்வொன்றும் அவருக்கு ஒவ்வொரு உயிரெழுத்து மாதிரி கேட்டது! ஒரு உயிரொலியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிற முக்கியமான அதிர்வெண்ணைப் பிரித்தெடுத்து, அதற்குரிய எலக்ட்ரோடுக்கு அனுப்பினால் பேச்சு புரியலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

பிறகு அந்தச் சோதனை. உதட்டைப் பார்க்க முடியாது. முன்கூட்டியே சொற்பட்டியல் எதுவும் காட்டவில்லை. ஏஞ்சலா மார்ஷல் என்ற ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். முதல் சொல் "ஷிப்". சாண்டர்ஸ் "சாட்" என்றார். தப்பு. அடுத்தது "கோட்", அதாவது ஆடு. அவர் "போட்" என்றார். தப்புதான், ஆனால் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார், பாருங்க. மூன்றாவது சொல் "ரிச்". சாண்டர்ஸ் சொன்னார்: "ரிச்".

கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் ஆனந்தத்தில் அழுதார் என்பது அவரே சொல்லியிருக்கிற விஷயம். இந்தக் கதை வெளியே வரும்போது கிளார்க்கின் கண்ணீர் வரும், சாண்டர்ஸின் பெயர் வரும். சொற்களைச் சொன்னவரின் பெயர் பல இடங்களில் விட்டுப்போகும். ஆனால் கேளுங்க, அந்த மேசையில் அந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால், கருவி பேச்சைத் தருகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆளுக்கு ஒரு மேப்

அதன் பிறகு வேகம் பிடித்தது. ஹவுஸின் ஒற்றை எலக்ட்ரோடு கருவிக்கு 1984-இலும், ஆஸ்திரேலியாவின் 22 எலக்ட்ரோடு கருவிக்கு 1985-இலும் பெரியவர்களுக்குப் பயன்படுத்த அமெரிக்க அனுமதி கிடைத்தது. வியன்னாவில் இங்கெபோர்க் ஹோக்மைர், எர்வின் ஹோக்மைர் தம்பதி தனியாக ஒரு பல சேனல் கருவியை உருவாக்கியிருந்தார்கள். 1991-இல் பிளேக் வில்சன் குழு, எலக்ட்ரோடுகளை ஒரே நேரத்தில் தூண்டாமல் வரிசையாக, அதிவேகமாகத் தூண்டும் முறையை வெளியிட்டது. பேச்சு புரிவது பல படி மேலே போனது. 2013-இல் கிளார்க், இங்கெபோர்க் ஹோக்மைர், வில்சன் மூவருக்கும் லாஸ்கர் விருது.

ஒரு சாஃப்ட்வேர் ஆளாக இந்த இடத்தில் "சரி, ரிலீஸ் ஆயிடுச்சு, வேலை முடிஞ்சது" என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இல்லை. இந்தக் கருவிக்குப் பொதுவான டீஃபால்ட் செட்டிங் என்று ஒன்று வேலைக்கு ஆகாது.

ஏன்? நம்மைச் சுற்றியுள்ள சத்தங்களில் மிக மெல்லியதுக்கும் மிகப் பெரியதுக்கும் இடையே, ஒலி அழுத்தத்தில் ஏறக்குறைய லட்சம் மடங்கு வித்தியாசம். ஆனால் நரம்புக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் "லேசாகக் கேட்கிறது" என்பதற்கும் "ஐயோ போதும்" என்பதற்கும் இடையே சில மடங்குதான். அவ்வளவு பெரிய உலகத்தை இந்தச் சின்ன இடைவெளிக்குள் அடக்க வேண்டும். அந்த இடைவெளியும் ஆளுக்கு ஆள், எலக்ட்ரோடுக்கு எலக்ட்ரோடு மாறும். முதல் சில மாதங்களில் ஒரே ஆளுக்கே மாறிக்கொண்டிருக்கும்.

அதனால் ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு எலக்ட்ரோடாகப் போய் இரண்டு அளவுகளைக் கண்டுபிடிக்கிறார். எங்கே கேட்க ஆரம்பிக்கிறது என்பது டி லெவல். எதுவரை சத்தமாக இருந்தும் சங்கடமில்லை என்பது சி லெவல். இந்த வேலைக்குப் பெயர் மேப்பிங். மேல் அளவைக் கூட்டி வைத்துவிட்டால் குழந்தை பயந்து கருவியைப் பிடுங்கி எறியும். குறைத்து வைத்தால் "பஸ்" என்பதில் அந்த "ஸ்" காணாமல் போகும்.

சொல்லத் தெரியாத நோயாளி

சாண்டர்ஸ் வாய்விட்டுச் சொன்னார். ஒன்றரை வயதுக் குழந்தை என்ன சொல்லும்? 1990-இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது இந்தக் கேள்வி பெரிதானது.

கொஞ்சம் வளர்ந்த குழந்தையாக இருந்தால் விளையாட்டுதான் வழி. சத்தம் கேட்டால் ஒரு கட்டையை டப்பாவுக்குள் போடு. இன்னும் சின்னக் குழந்தையாக இருந்தால் கண், புருவம், அம்மாவின் புடவையைப் பிடிக்கிற பிடி, இதையெல்லாம் கவனிக்க வேண்டும். நரம்பு பதில் கொடுக்கிறதா என்று இம்ப்ளான்ட்டே அளந்து அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. அது ஓர் ஆரம்பப் புள்ளியைக் கொடுக்கும், முடிவைக் கொடுக்காது. கடைசியில் டேனியல் லிங் உருவாக்கிய ஆறு ஒலிகள்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை, பேச்சின் மொத்த அகலமும் இந்த ஆறில் அடங்கிவிடும். வாயை மறைத்துக்கொண்டு அம்மாவே வீட்டில் தினமும் சொல்லிப் பார்க்கலாம். "ஸ்"ஸுக்கு மட்டும் குழந்தை திரும்பவில்லையா? அடுத்த தடவை ஆடியாலஜிஸ்டிடம் அதைச் சொன்னால் போதும், எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு எதிர்ப்பையும் சொல்லியாகணும். 1991-இல் அமெரிக்காவின் தேசிய காதுகேளாதோர் சங்கம், குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் வைப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. எங்களுக்கு சைகை மொழி இருக்கிறது, ஒரு பண்பாடு இருக்கிறது, எங்களைச் சரிசெய்ய வேண்டிய பழுதாகப் பார்க்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். 2000-இல் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, அது பல வழிகளில் ஒன்று என்று ஏற்றார்கள். ஆனால் அந்த வாதத்தின் மையம் இன்னும் செல்லும். கருவியைக் கழற்றினால் அந்தக் குழந்தை காதுகேளாத குழந்தைதான். பேட்டரி தீர்ந்த ராத்திரியில் அதற்கு வேறு மொழி வேண்டாமா?

நம்ம ஊரில்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கான இந்த அறுவை சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. லட்சக்கணக்கில் செலவாகிற ஒன்று ஏழை வீட்டுக் குழந்தைக்கும் கிடைப்பது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் இதுவரை சொன்ன வரலாற்றை வைத்து யோசிச்சுப் பாருங்க. அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை. மேப்பிங், பேச்சுப் பயிற்சி எல்லாம் வருடக்கணக்கு. பிறவியிலேயே கேட்காத குழந்தையின் மூளை, ஏறக்குறைய மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்தால்தான் இயல்பாக வளரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த வயதில் ஒரு அப்பா தினக்கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து மேப்பிங்குக்கு வர முடியாமல் போனால், ஒரு கேபிள் அறுந்து மாதக்கணக்கில் மாற்றாமல் கிடந்தால், உள்ளே இருக்கிற 22 எலக்ட்ரோடும் சும்மா கிடக்கும். வைத்த இம்ப்ளான்ட்களை எண்ணுவது சுலபம். எத்தனை குழந்தைகள் "ரிச்" என்று திருப்பிச் சொல்கிற இடத்துக்கு வந்தார்கள் என்று எண்ணுவதுதான் பில்கரும் மார்ஷலும் செய்த வேலை. நாமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வீடியோவில் குழந்தை நிமிர்ந்து பார்ப்பது சத்தம் கேட்டதால். பேச்சு இன்னும் வரவில்லை. வீடியோ முடிந்ததும் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர் மட்டும் குழந்தையின் முகத்தையும் ஸ்க்ரீனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு, அடுத்த எலக்ட்ரோடுக்குப் போவார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்தக் கருவி வைத்த குழந்தை இருந்தால், அடுத்த மேப்பிங் எப்போது என்று ஒரு வார்த்தை விசாரிச்சு வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.