பூட்டுக்குச் சொந்தக்காரர் யார்? – 7

போன வாரம் பில் சிம்மர்மனை எங்கே விட்டோம்? அமெரிக்காவின் பொல்டர் நகரில், கணினிக்கு முன்னால். வீட்டுக் கடனில் ஐந்து தவணை பாக்கி.

எழுதி முடித்த நிரலுக்குப் பெயர் பிஜிபி. கடிதத்தை அரசாங்கத்தாலும் படிக்க முடியாதபடி பூட்டும். அதில் காசு பார்க்கத்தான் முதலில் நினைத்திருந்தார். அதற்குள் செனட்டில் ஒரு மசோதா. பூட்டுச் செய்கிறவர்கள் அரசுக்கும் வழி விட வேண்டும் என்றது அதன் ஒரு வாசகம்.

அது சட்டமாவதற்கு முன் பூட்டு ஊரெல்லாம் போய்ச் சேர வேண்டும். இலவசமாகவே போகட்டும்!

1991 ஜூன். கலிபோர்னியாவில் அவருடைய நண்பர் கெல்லி கோயன் காரை எடுத்தார். கூடவே ஒரு மடிக்கணினி, தொலைபேசிக் கைபிடியைப் பொருத்தும் ஒரு கருவி. ஒரு பொதுத் தொலைபேசியில் நிறுத்துவார். சில நிமிடம் நிரலைத் தொலைவிலுள்ள கணினிகளுக்கு ஏற்றுவார். துண்டிப்பார். பல மைல் தள்ளி அடுத்த தொலைபேசி.

நீதிமன்றத் தடை வந்துவிடுமோ என்று பயம்.

பயத்தில் நியாயம் இருந்தது. நிரலின் இதயம் ஆர்எஸ்ஏ என்னும் மறைகுறி முறை. அதன் காப்புரிமைக்கு அனுமதி வழங்கும் உரிமையை வைத்திருந்த நிறுவனத்தின் தலைவர் ஜிம் பிட்ஸோஸ். முன்பே ஒருமுறை இலவச அனுமதி தருவதாகச் சொன்னார் என்பது சிம்மர்மன் கட்சி. சொல்லவே இல்லை என்பது பிட்ஸோஸ் கட்சி. ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. இருவருமே தாம் சொன்னதை மனதார நம்பினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஆர்எஸ்ஏ முறை 1977 ஆகஸ்டில் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. காப்புரிமைக்கு விண்ணப்பித்தது டிசம்பரில். வெளியிட்ட பிறகும் ஒரு வருடம் பொறுக்கும் அமெரிக்கச் சட்டம். வேறு பல நாடுகள் பொறுப்பதில்லை. ஆகவே அந்தக் காப்புரிமை அமெரிக்க எல்லையோடு நின்றது. இலங்கையின் புசல்லாவையில் இருந்து ஒருவர் இதே நிரலை எழுதியிருந்தால் பிட்ஸோஸுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. பொல்டரில் எழுதினால் வழக்கு!

சிம்மர்மனுக்கும் இது தெரியும். அதனால் நிரலோடு போன கையேட்டில் ஒரு குறிப்புச் சேர்த்தார்: காப்புரிமை அனுமதி பெறுவது பயன்படுத்துகிறவர் பொறுப்பு.

கெட்டிக்காரத்தனமா, அசட்டுத் துணிச்சலா? நான் இரண்டாவது என்பேன்.

கோயன் கடைசித் தொலைபேசியை வைத்தார். நிரல் ஊர் ஊராகப் பரவியது. சில நாளில் கடலும் தாண்டியது.

அங்கேதான் வினை.

அமெரிக்கச் சட்டத்தில் அந்நாளில் மறைகுறி மென்பொருள் ஆயுதப் பட்டியலில் இருந்தது. அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

இனி சிம்மர்மனைத் தேடி இரண்டு தரப்பு வரும். ஒன்று, கொதித்துப்போன பிட்ஸோஸ்.

மற்றவர்கள் சுங்க அதிகாரிகள்.

(அடுத்த வாரம்)