சாலையை அடைத்ததால் பிறந்த பந்தயம்

சென்னைக் கப்பல்கள் வந்து அணையும் அந்தமானின் ஹேடோவில், 2024 ஆகஸ்ட் கடைசியில் தமிழர்கள் கூடிய இடமெல்லாம் சென்னைத் தீவுத்திடல் கார் பந்தயப் பேச்சுதான். "ஊர் ரோட்டை எப்படி அடைக்கலாம்?" என்றார்கள் சிலர். நியாயமான கேள்வி. நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பு அதற்கு விடை தேடியபோதுதான் இந்த வகைப் பந்தயமே உருவானது.

ஆரம்பத்தில் யாரும் சாலையை அடைக்கவில்லை. 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பினார்கள். மண் சாலை. முன்வண்டி கிளப்பிய புழுதியில் வளைவு தெரியாது. ஓரத்து மரங்களின் உச்சியைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புவார்கள். ஆடுமாடு, சைக்கிள், வேடிக்கை பார்க்கும் ஜனம் எல்லாம் அதே பாதையில். 1903 மே 24 அன்று பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் தொடங்கியது. மார்செல் ரெனோ உட்பட ஓட்டுநர்களும், சாலையோரம் நின்றவர்களும் செத்தார்கள். பிரெஞ்சு அரசு போர்தோவிலேயே பந்தயத்தை நிறுத்தியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் சாவைத்தான் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

மாற்று வழி முந்தைய வருஷமே பெல்ஜியத்தில் கிடைத்திருந்தது. 1902 ஜூலையில் பாஸ்தோன் ஊரைச் சுற்றி ஏறத்தாழ 85 கி.மீ. சாலையை வட்டமாக்கி, அதையே ஆறு முறை சுற்றவிட்டார்கள். வென்றவர் சார்லஸ் ஜாரட். வட்டம் என்றால் காவல் போடலாம், கயிறு கட்டலாம்.

பிரிட்டனில் சாலைப் பந்தயத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் 1903 ஜூலை 2 அன்று கோர்டன் பென்னட் கோப்பையைத் தனிச்சட்டம் போட்டு அயர்லாந்தில் நடத்தினார்கள். மெர்சிடிஸ் ஓட்டிய ஜெனாட்ஸி ஜெயித்தார். மறுவருஷம் மேன் தீவு தன் சொந்த நாடாளுமன்றத்தில் சாலையை மூடச் சட்டம் இயற்றியது. 1907இல் அங்கே தொடங்கிய மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறது. தீவில் வாழ்பவனுக்கு இதில் ஒரு தனி ஈர்ப்பு.

நம் பக்கத்தில், 1961இல் சிங்கப்பூர் தாம்சன் சாலையை அடைத்தது. ஓரமெல்லாம் விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், ஆழமான மழைநீர்க் கால்வாய். பல உயிர்கள் போயின. 1973க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள்.

சென்னையில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய தீவுத்திடல் பந்தயத்தை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட்டது. உயர் நீதிமன்றம் வரை வழக்கு போய், நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. 3.5 கி.மீ. சுற்று, இரவில், விளக்கு வெளிச்சத்தில். பக்கத்திலேயே ஓமந்தூரார் அரசு மருத்துவமனை. ஆம்புலன்ஸுக்கு வழி உறுதியான பிறகுதான் கொடி அசைய வேண்டும் என்பது என் கட்சி.