மீன் மேல உப்பு தூவுன மாதிரி: ஒரு ஒட்டுண்ணியோட வரலாறு

ராஜபாளையம்னு சொன்னா முதல்ல என்ன ஞாபகம் வரும்? நாய். வெள்ளை நாய், ரோஸ் கலர் மூக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்னா ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும். ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்க பார்த்தா மலை. கடல் பார்க்கணும்னா தூத்துக்குடிப் பக்கம் போகணும், நூறு கிலோமீட்டருக்கு மேல.

அப்படிப்பட்ட ஊர்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க சித்தி வீட்டு ஹால்ல, 200 லிட்டர் கடல் இருந்துச்சு. சித்தி பையன் வச்ச தொட்டி. ஆர்.ஓ. தண்ணில பாக்கெட் உப்பு கலந்து, அடர்த்தி பார்த்து, ஒரு மாசம் தண்ணிய மட்டும் ஓடவிட்டு, அப்புறம்தான் மீன் விட்டான். அந்த அளவுக்குப் பொறுமைசாலி. ரெண்டு கோமாளி மீன், மூணு சின்ன டேம்சல். ஆறாவதா ஒரு நீல சர்ஜன் மீன், நீமோ படத்துல டோரின்னு வருமே, அது. கடையில இருந்து கவர்ல வந்த அன்னைக்கே தொட்டிக்குள்ள விட்டாச்சு.

நாலஞ்சு நாள் கழிச்சு போன். "அண்ணே, மீன் மேல உப்பு தூவுன மாதிரி இருக்கு." நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர், எனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? ஆனாலும் குடும்பத்துல ஒருத்தன் எஞ்சினியரிங் படிச்சிருந்தா ஃபேன் ஓடலைன்னாலும் அவனைத்தான் கேப்பாங்க. நானும் தேடிப் பார்த்து, தீனியில பூண்டுச் சாறு கலந்து போடச் சொன்னேன். நாலு நாள்ல புள்ளி எல்லாம் காணோம். "எல்லாம் போயிருச்சுண்ணே"ன்னான். "அவ்ளோதான்டா, சரியாயிருச்சு, விடு"ன்னு சொன்னேன்.

பத்து நாள் கழிச்சு ஆறு மீன் மேலயும் புள்ளி. இந்தத் தடவை உப்பு இல்ல, ரவையில புரட்டி எடுத்த மாதிரி. மூணு நாள்ல அஞ்சு மீன் செத்துப்போச்சு. ஒரு கோமாளி மட்டும் மிஞ்சுச்சு.

ஐடில இருக்கவங்களுக்கு இது நல்லாப் புரியும். எரர் வந்துச்சு, தானா நின்னுச்சு, டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டேன். ஏன் நின்னுச்சுன்னு கேக்கல. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க மனுஷங்களுக்கு எவ்வளவு காலம் ஆச்சுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல கண்ணாடித் தொட்டியில இருந்து ஆரம்பிப்போம். உலகத்தோட முதல் பொது மீன் காட்சியகம் 1853-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில திறந்தது. நம்ம பக்கம் 1909-ல மெட்ராஸ் மெரினாவுல ஒண்ணு வந்துச்சு, இந்தியாவுலயே முதல் மீன் காட்சியகம். மெட்ராஸ் மியூசியத்தை ரொம்ப வருஷம் நடத்தின எட்கர் தர்ஸ்டனோட முயற்சி அதுக்குப் பின்னால இருந்துச்சு. மெரினாவுக்கு ஒரு வசதி, எதிர்லயே கடல். லண்டனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. 1924-ல அங்க பெருசா ஒரு புது அக்வேரியம் கட்டினப்ப, இருக்கிற கடல் தண்ணியையே வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுத்தவிட வேண்டியிருந்துச்சு. அளவு வேற, ஆனா விஷயம் சித்தி வீட்டு ஹால்ல நடந்ததுதான். கடல் இல்லாத ஊருக்குக் கடலைக் கொண்டுவந்து மூடி வைக்கிறது.

மூடின தண்ணியில என்ன ஆகும்? கடல்ல ஒரு மீன் மேல ஒண்ணு ரெண்டு ஒட்டுண்ணி இருக்கலாம், மீனுக்கு அது பெரிய விஷயமே இல்ல. அதோட குஞ்சுகள்ல பெரும்பாலானவை அடுத்த மீனைத் தேடியே செத்துரும். அவ்வளவு தண்ணி, அவ்வளவு தூரம். தொட்டியில அந்தத் தூரம் மூணு அடி. தேடுற எல்லாத்துக்கும் மீன் கிடைச்சிரும்.

லண்டன் அக்வேரியத்துல செத்த மீன்களை மைக்ரோஸ்கோப்புல பார்த்தவர் ஈ. எம். பிரவுன்ங்கிற ஆய்வாளர். 1931-ல, செவுள்ல ஒட்டிக்கிட்டு மீனை மூச்சு முட்டவச்சுக் கொல்ற ஒரு நுண்ணுயிரியைப் பத்தி எழுதினார். இன்னைக்கு அதுக்குப் பேரு அமைலோடினியம். மீன் வளர்க்கிறவங்க வெல்வெட்னு சொல்வாங்க. புள்ளியைக்கூட சரியாப் பார்க்க முடியாது, தூசி படிஞ்ச மாதிரி இருக்கும். மீன் வேகவேகமா மூச்சு வாங்கும், ஓரிரு நாள்ல தொட்டியே காலி ஆகலாம். அடுத்தது நம்ம வில்லன். 1930கள்லயே ஜப்பான்ல சிகாமாங்கிறவர் கடல் மீன்கள் மேல வெள்ளைப் புள்ளி நோயைப் பதிவு பண்ணிட்டார். 1951-ல பிரவுன் அதை முழுசா விவரிச்சு வச்ச பேரு கிரிப்டோகேரியான் இரிடன்ஸ்.

நல்ல தண்ணி மீனுக்கும் இதே மாதிரி வெள்ளைப் புள்ளி நோய் உண்டு. அதைப் பரப்புற உயிரியை 1876-லயே ஃபிரான்ஸ்ல ஃபூக்கே விவரிச்சிருந்தார். ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வாழ்க்கைச் சுழற்சியும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா பின்னாடி மரபணுவைப் பார்த்தா ரெண்டும் நெருங்கின சொந்தமே இல்ல. அதனால கோல்டு ஃபிஷ்ஷுக்கு வேலை செஞ்ச வைத்தியத்தை எல்லாம் கடல் தொட்டியில நம்பி இறங்க முடியாது.

இந்த உயிரி வாழ்ற விதத்தைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க, என் தப்பு அங்கதான் இருக்கு. மீன் மேல தெரியுற வெள்ளைப் புள்ளி, தோலுக்கு அடியில உக்காந்து மீனோட திசுவைத் தின்னுக்கிட்டு இருக்கு. 3 முதல் 7 நாள் வரைக்கும் தின்னுட்டு, வயிறு நிறைஞ்சதும் அதுவாவே மீனை விட்டு இறங்கிரும். கீழ மணல்லயோ கல்லுலயோ ஒட்டி, சுத்தி ஒரு கூடு கட்டிக்கும். கூட்டுக்குள்ள பிரிஞ்சு பிரிஞ்சு பெருகும். ஒரு கூட்டுல இருந்து 200 குஞ்சு வரைக்கும் வரலாம். எப்ப வெளிய வரும்னு கணக்கு கிடையாது. சிலது 3 நாள்ல, பெரும்பாலும் 4 வாரத்துக்குள்ள, ஆராய்ச்சியில ஒரு கூடு 72 நாள்கூட எடுத்திருக்கு. வெளிய வந்த குஞ்சுக்கு ஒரு நாள்தான் ஆயுசு, அதுக்குள்ள மீனைப் பிடிச்சாகணும். பெரும்பாலும் இருட்டுல, விடியறதுக்கு முன்னாடி வெளிய வரும். மீன் அடியில அசையாமத் தூங்குற நேரம் அது.

இப்ப என் தம்பியோட ரெண்டாவது போனை யோசிச்சுப் பாருங்க. "எல்லாம் போயிருச்சுண்ணே." போகல. சாப்பிட்டு முடிச்சு இறங்கிருச்சு. பூண்டு வேலை செஞ்சுதுன்னு நாங்க சந்தோஷப்பட்ட நாள்லதான் அது மணலுக்குள்ள பெருகிக்கிட்டு இருந்துச்சு.

மருந்து கண்டுபிடிச்ச கதையும் இதே இடத்துலதான் முட்டி நின்னுச்சு. 1955-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல, ஸ்டெய்ன்ஹார்ட் அக்வேரியத்துல வேலை பார்த்த ராபர்ட் டெம்ப்ஸ்டர், வெல்வெட் நோய்க்கு காப்பர் சல்பேட் கேக்குதுன்னு எழுதினார். காப்பர் சல்பேட்னா பயந்துராதீங்க, நம்ம மயில்துத்தம். தோட்டத்துல சுண்ணாம்போட கலந்து போர்டோ கலவையா அடிப்பாங்களே, அதே நீலக் கல்லு. இன்னைக்கும் கடல் மீன் வைத்தியத்துல செம்புதான் முதல் ஆயுதம். ஆனா அது தோலுக்கு அடியில இருக்கிறதைத் தொடாது, கூட்டுக்குள்ள இருக்கிறதையும் தொடாது. தண்ணியில நீந்துற குஞ்சை மட்டும்தான் கொல்லும். அதனால லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு, தினமும் அளந்து பார்த்து, 3 முதல் 6 வாரம் அப்படியே வச்சிருக்கணும். குறைஞ்சா குஞ்சு பொழைக்கும், கூடினா மீன் சாகும். அதைப் பெரிய தொட்டியில ஊத்தவும் முடியாது. பவளம், இறால், நத்தை எல்லாம் காலியாயிரும், பவள மணல் செம்பை உறிஞ்சி வச்சுக்கும். மீனைத் தனித் தொட்டிக்கு மாத்தித்தான் மருந்து.

எனக்குப் பிடிச்ச வைத்தியம் மருந்தே இல்லாதது. இஸ்ரேல்ல எய்லாட்ங்கிற செங்கடல் ஊர்ல, வளர்ப்பு மீன்களுக்கு இந்த நோய் வந்து பண்ணையே ஆடிப்போனப்ப, ஏஞ்சலோ கொலோர்னி 1980கள்ல இதோட சுழற்சியை நாள் கணக்காப் பதிவு பண்ணார். அதுல இருந்து ஒரு யோசனை. இறங்கின ஒட்டுண்ணி திரும்ப வர குறைஞ்சது 3 நாள் ஆகும்னா, 3 நாளைக்கு ஒருதடவை மீனை வேற சுத்தமான தொட்டிக்கு மாத்திட்டா? நாலு தடவை மாத்தினா, எல்லா ஒட்டுண்ணியும் பழைய தொட்டியில, மீன் புதுத் தொட்டியில. ரெண்டு பிளாஸ்டிக் டப்பாவும் பொறுமையும் போதும். ஒரு தடவை மாத்தினதும் டப்பாவை நல்லாக் கழுவி, முழுசாக் காயவிட்டுட்டுத்தான் அடுத்த சுத்துக்கு எடுக்கணும்.

மீனை மாத்தியாச்சு. பெரிய தொட்டி? அதை மீனே இல்லாம 76 நாள் ஓடவிடணும். 72 நாள் கூட்டுக்கு மேல கொஞ்சம் சேர்த்த கணக்கு. குவாரண்டைன்ங்கிற வார்த்தையே நாற்பதுங்கிற இத்தாலிய எண்ணுல இருந்து வந்தது, கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவச்ச காலத்து வார்த்தை. நம்ம ஊர் கணக்குல ஒரு மண்டலம்னு வச்சுக்கோங்க. இது ஒண்ணரை மண்டலத்துக்கும் மேல.

குவாரண்டைன்னு தேடப் போய், நான் எதிர்பார்க்காத ஒரு இடத்துல வந்து நின்னேன். மண்டபம். ராமேஸ்வரம் போற ரயில்ல, பாம்பன் பாலத்துக்கு முன்னாடி 'மண்டபம் கேம்ப்'னு ஒரு ஸ்டேஷன் வரும். கடல் மீன் ஆராய்ச்சியில இந்தியாவுலயே பெரிய பேரு அந்த இடத்துக்கு. 1947-ல தொடங்கின மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட தலைமையகம் ரொம்ப வருஷம் அங்கதான் இருந்துச்சு. 1971-ல கொச்சிக்குப் போச்சு, மண்டபம் மையம் இன்னும் இருக்கு. கோமாளி மீனைத் தொட்டியிலயே முட்டையிட வச்சு வளர்க்கிற முறைகளை உருவாக்கின இடங்கள்ல அதுவும் ஒண்ணு. அப்படி வளர்ந்த மீன் கடல்ல இருந்து ஒட்டுண்ணியை எடுத்துட்டு வராது. வழியில வேற மீனோட தண்ணியைப் பகிராத வரைக்கும்.

அந்த 'கேம்ப்' எந்த கேம்ப்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை நிறுத்திவச்ச முகாம். இலங்கை அரசாங்கம் நம்ம கரையில நடத்தினது. பிளேக், காலரா, அம்மை அக்கரைக்குப் போயிரக் கூடாதுன்னு ஏறக்குறைய ஒரு வாரம் அங்க வச்சு, தடுப்பூசி குத்தி, துணியையும் உடம்பையும் சுத்தம் பண்ணித்தான் கப்பலுக்கு விட்டாங்க. ஆள் போன மாவட்டங்கள்ல ராமநாதபுரமும் ஒண்ணு. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அன்னைக்கு அந்த மாவட்டத்துலதான் இருந்துச்சு.

பின்னாடி அங்க கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுத்தாங்க. கொக்கிப்புழு குடல்ல இருந்து ரத்தம் குடிக்கும். முட்டை மலத்தோட மண்ணுக்கு வரும், மண்ணுல குஞ்சு பொரிச்சு, வெறுங்காலோட நடக்கிறவங்க தோல் வழியா உள்ள ஏறும். மணலை விட்டு மீனுக்கு ஏறுறதும் இதுவும் வேற வேற உயிரிதான், ஆனா பாதை ஒண்ணு. 1916-ல ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்கள்ல கொக்கிப்புழு ஒழிப்பை ஆரம்பிச்சுது. ஆயிரக்கணக்கான பேருக்கு மருந்து குடுத்தாங்க, புழு விழுந்துச்சு. ஆனா லயன் வீடுகள்ல கக்கூஸ் கட்டுற செலவுக்குத் தோட்ட நிர்வாகங்கள் தயங்கினதால, மண்ணு அப்படியே இருந்துச்சு. சுத்தமாகி வேலைக்குப் போனவங்க காலுல புழு திரும்ப ஏறுச்சு. ஆளை ஒரு வாரம் நிறுத்திவைக்கிறது சுலபம், காசு செலவழிச்சு இடத்தைச் சரிபண்றது கஷ்டம். அன்னைக்கு நோயைச் சுமந்துட்டு வர்றவங்கன்னு பேர் எடுத்தது தொழிலாளர்கள்தான், அந்த லயனைக் கட்டினவங்க இல்ல.

மீனையும் மனுஷனையும் ஒண்ணா வச்சுப் பேசுறேன்னு யாராவது கோவப்படலாம். நியாயம்தான். நான் பூண்டுச் சாறை நம்புனது ஒரு வீட்டோட முட்டாள்தனம், அங்க நடந்தது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

தம்பி கதைக்கு வர்றேன். மிஞ்சின கோமாளியை ரெண்டு டப்பாவுல மாத்தி மாத்தி 12 நாள் வச்சிருந்தான். அடியில மணல் கிடையாது, ஒளிஞ்சுக்க ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு. பெரிய தொட்டி மீன் இல்லாம லைட்டும் மோட்டாருமா ஓடிட்டு இருந்துச்சு. சித்திக்குத்தான் தாங்கல. "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா ரெண்டு மாசம் கரண்ட் பில்லு?" அவன் தினசரி காலண்டர் தாள்ல ஒவ்வொரு நாளா நம்பர் எழுதிக்கிட்டே வந்தான். நான் பொங்கலுக்குப் போனப்ப 61-னு எழுதியிருந்துச்சு.

76-வது நாள் மீனை உள்ள விட்டான். அடுத்த மாசம் புதுசா ஒரு கோமாளி வாங்கினான். இப்ப அது ஹால்ல இல்ல, மாடியில டப்பாவுல இருக்கு. புள்ளி ஒண்ணும் இல்ல, நல்லாச் சாப்பிடுது. எப்படா கீழ விடுவேன்னு போன்ல கேட்டேன். "இன்னைக்கு ஒம்பதாவது நாள்ண்ணே"ன்னு சொல்லிட்டு வச்சுட்டான்.