நாமக்கல் கவிஞரின் முதல் தொழில்: காவிரிக் கரையில் உருவப்பட ஓவியம்

நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளையைத் தமிழ்நாடு பாட்டால் அறியும். 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் பாடிச் சென்ற வழிநடைப் பாடல் அவர் எழுதியது. அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் தேசபக்தி, கவிதை, நாவல் எல்லாம் முடிந்த பிறகு ஓவியத்துக்கு ஒரு வரி கிடைக்கும். காலவரிசைப்படி பார்த்தால் இது தலைகீழ். படம் எழுதியவராகத்தான் ஊர் முதலில் அவரை அறிந்தது. பாட்டு பெயர் வாங்கித் தந்தது பின்னால்தான். காவிரிக் கரையின் ஒரு சிற்றூரில், ஓவியப் பள்ளியின் வாசலை மிதிக்காத ஒருவருக்கு மேற்கத்திய மெய்ம்மைப் பாணி எப்படிக் கைவந்தது என்பதை அந்த முதல் தொழிலை வைத்தே ஆராய வேண்டும்.

அவர் 1888 அக்டோபர் 19 அன்று மோகனூரில் பிறந்தார். மோகனூரும் நாமக்கலும் 1997இல் தனி மாவட்டம் உருவானபோது சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. தந்தை வெங்கடராமன் காவல்துறையில் பணிபுரிந்தார். மகனும் அதே துறைக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை, மகன் இசையவில்லை. நாமக்கல், கோயம்புத்தூர், திருச்சி என்று படிப்பு நகர்ந்தது. பிறகு நாமக்கல் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் வேலை. இரண்டிலும் அவர் நிலைக்கவில்லை, ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார்.

சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி இருந்தது உண்மைதான். ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் கைவினைத் தொழில்கள் மேல் இருந்தது. உள்நாட்டு ஊர்களுக்கு மெய்ம்மைப் பாணியைக் கொண்டுசேர்த்தவை பள்ளிகள் அல்ல, அச்சுப் படமும் புகைப்படமுமே. ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரசுவதியும் வீட்டுச் சுவர்களுக்கு வந்துசேர்ந்தார்கள். சேலை மடிப்பின் நிழலும் கன்னத்தில் விழும் ஒளியும் அந்த மலிவான தாளில் எல்லோர் கண்ணுக்கும் பழகின. ரவி வர்மா 1906இல் இறந்தபோது இராமலிங்கத்துக்கு வயது பதினெட்டுகூட நிறையவில்லை. அந்த அச்சுப் படங்களோடு வளர்ந்த முதல் தலைமுறை அவருடையது.

புகைப்படத்தின் பங்கு இதைவிட நேரடியானது. அன்றைய புகைப்படம் சிறியது, கறுப்பு வெள்ளை, நாள்பட மங்கக்கூடியது. வசதியுள்ள குடும்பம் கேட்டதோ ஆளுயரத்தில், வண்ணத்தில், கூடத்தில் மாட்டக்கூடிய படம். பல சமயம் படத்தில் இருக்க வேண்டிய பெரியவர் இறந்துபோயிருப்பார். கையில் இருப்பது ஒரே ஒரு பழைய புகைப்படம்தான். ஓவியர் அதன்மேல் கட்டம் போடுவார். திரைச்சீலையில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, கோட்டைக் கட்டம் கட்டமாகப் பெயர்ப்பார். அதுவரை இது கணக்கு வேலைதான், பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். கறுப்பு வெள்ளையில் இல்லாத தோலின் நிறத்தையும் கண்ணின் ஈரத்தையும் எங்கிருந்தாவது கொண்டுவருவதில்தான் ஓவியர் யாரென்று தெரியும். மெல்ல உலரும் எண்ணெய் வண்ணம் இதற்குத் தோது. அழித்து, குழைத்து, மறுநாளும் திருத்தலாம். 1841இல் உருவான தகரக் குழாய் வண்ணத்தைக் கெடாமல் தொலைதூரம் கொண்டுபோக வழிசெய்திருந்தது.

இராமலிங்கம் தொடக்க காலத்தில் வரைந்தவற்றுள் இராமகிருஷ்ண பரமஹம்சரின் உருவப்படம் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. பரமஹம்சர் மறைந்தது 1886 ஆகஸ்டில். ஓவியர் பிறந்தது ஈராண்டு கழித்து. ஆக, அவர் பார்த்து எழுதியது ஆளை அல்ல, புகைப்படத்தை அல்லது அதன் பிரதியை. பரமஹம்சர் உயிரோடிருந்தபோது எடுத்த புகைப்படங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இராமலிங்கத்துக்குப் புகழ் சேர்த்த அடுத்த படமும் நேரில் அமர்த்தி எழுதக்கூடிய ஆளைப் பற்றியதல்ல: ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மன்னரின் முடிசூட்டைக் கொண்டாடும் டெல்லி தர்பார் 1911 டிசம்பர் 12 அன்று நடந்தது. அந்த முடிசூட்டை ஒட்டி அரச குடும்பத்தை வரைந்து அவர் தங்கப் பதக்கம் பெற்றார். 1932இல் சத்தியாகிரகத்துக்காக அவரை ஓராண்டு சிறையில் அடைத்ததும் இதே ஜார்ஜின் அரசுதான். இதை முரண் என்று காட்டி மகிழ்வது எளிது. எனக்கு அது ஒரு தொழிற்காரரின் வரலாறாகவே படுகிறது. அக்காலத்தில் உருவப்படம் எழுதிப் பிழைப்பவருக்கு அரச முகத்தைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

தூரிகை அவரைப் பல வீடுகளுக்குள் கொண்டுசென்றது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பாரதியாரைச் சந்தித்தபோது அவருக்கு இருந்த அறிமுகம் ஓவியர் என்பதே. நீர் என்னைப் படமாக எழுதும், நான் உம்மைப் பாட்டில் எழுதுகிறேன் என்ற பொருளில் பாரதி வேடிக்கையாகப் பேசியதும், பின்னர் இராமலிங்கத்தின் பாடலைக் கேட்டு மெச்சியதும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். சொல்பவர்கள் இரண்டாம் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். கவிஞர் வெளிப்பட்ட இடம் ஓவியருக்குத் திறந்த வீடு என்பது எனக்கு அதைவிட முக்கியம்.

ஓவியம் பின்னுக்குப் போனதற்கு அரசியல் மட்டும் காரணமல்ல. புகைப்பட நிலையங்களே படத்தைப் பெரிதாக்கி வண்ணம் தீட்டித் தரத் தொடங்கியதும் எண்ணெய் உருவப்படத்தின் சந்தை சுருங்கியது. சென்னைக் கலைப்பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரானார். கலை பற்றிய பேச்சு அங்கே மையம் கொண்டது. புகைப்படத்தைப் பார்த்து எழுதுவோர் அந்தப் பேச்சில் இடம்பெறவே இல்லை. பாட்டு ஆயிரம் வாய்களில் பெருகும். உருவப்படம் ஒற்றைப் பிரதி, ஒரு குடும்பத்தின் கூடத்துக்குள் அடங்கியது. 1949இல் சென்னை அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது, 1971இல் பத்மபூஷண் கிடைத்தது. 1972இல் அவர் மறைந்தபோது அவர் கவிஞர் மட்டுமே.

ஆனாலும் முகம் பார்த்த பழக்கம் எழுத்திலிருந்து போகவில்லை என்றே நினைக்கிறேன். 1954இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் படமாக வந்த அவருடைய ‘மலைக்கள்ளன்’ நாவலின் கதை, ஒரே ஆள் கள்ளனாகவும் அப்துல் ரஹீம் என்னும் வணிகராகவும் உலவுவதில்தான் சுழல்கிறது. தாடி, உடை, நடை ஆகியவற்றை மாற்றினால் ஆளே மாறித் தெரிவான் என்பது உருவப்படம் எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. அவருடைய ஓவியத்தைத் தேடும் ஆய்வாளர் ‘என் கதை’ என்ற தன்வரலாற்றோடு நிற்க வேண்டியதில்லை. சேலம், கரூர், செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் தொங்கும் முன்னோர் படங்களைக் கழற்றி, பின்புறத் துணியில் திரைச்சீலை விற்றவரின் முத்திரை இருக்கிறதா, வண்ணத்தடியில் கட்டக்கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம்.