மேட்ச் முடிந்து வீட்டுக்குப் போவது

1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம். மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்கார ராணுவ அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தது. ஒருத்தரைத் தவிர மோகன் பகான்காரர்கள் எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். கால்பந்து பேசுகிற யாருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. அன்றைக்கு ஈஸ்ட் இந்தியன் ரயில்வே ஸ்பெஷல் வண்டி விட்டது. ஹூக்ளி ஆற்றில் கூடுதலாக ஸ்டீமர் ஓடியது. மைதானத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நின்ற ஜனங்களுக்காக ஸ்கோரைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டார்கள். ஒரு கோல்கூடக் கண்ணால் பார்க்காமல், ஆகாயத்தைப் பார்த்தே அந்த மேட்ச்சைப் ‘பார்த்துவிட்டு’ வீடு திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

இந்திய ரசிகனின் வரலாறு மைதானத்தில் ஆரம்பிப்பதில்லை, பிளாட்பாரத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம் என் ஊராகவும் இருக்கலாம். நான் எளாவூர்க்காரன். சென்ட்ரலிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஊர் பெயரைச் சொன்னால் லாரிக்காரர்களுக்கு உடனே தெரியும், செக்போஸ்ட் இருக்கிறது. மற்றவர்களுக்கு ‘கும்மிடிப்பூண்டி தாண்டி அடுத்த ஸ்டேஷன்’ என்று விளக்க வேண்டும். இந்தத் ‘தாண்டி’தான் விஷயமே. எலக்ட்ரிக் ட்ரெயின்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். எளாவூர் வழியாகச் சூலூர்பேட்டை போகிறவை கொஞ்சம்தான்.

சென்னை நேரு ஸ்டேடியம் சென்ட்ரலுக்குப் பின்னால், பெரியமேட்டில் இருக்கிறது. மூர் மார்க்கெட் இருந்த இடத்திலுள்ள புறநகர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். வடக்குப் பக்கத்து ஜனங்களுக்கு, கால்பந்து தெரிந்த வியாசர்பாடி, தண்டையார்பேட்டை ஆட்களுக்கு, இதைவிட வசதியான இடம் கிடையாது. 2014இல் சென்னையின் எஃப்.சி. தொடங்கியபோது எனக்கு அதுதான் முதல் சந்தோஷம். அணி இரண்டு முறை கோப்பை வாங்கியது, 2015இலும் 2017-18லும். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரசிகர் குழுக்கள் உருவாயின. மைதானத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் பந்து எங்கேயோ தூரத்தில் உருளும். அது ஒரு குறைதான். ஆனாலும் பாட்டும் டிரம்முமாகப் போய்விடும்.

நேரம் மட்டும் பாட்டுக்கு அடங்காது. முதல் சீசனில் மேட்ச் ஏழு மணிக்குத் தொடங்கியது. 2023-24 சீசனில் எட்டு மணி. அதற்கடுத்த சீசனில் ஏழரை. டிவி பார்ப்பவருக்கு இந்த ஒரு மணி நேரம் சாப்பிட்டுவிட்டு உட்காருவதா, உட்கார்ந்துகொண்டே சாப்பிடுவதா என்கிற வித்தியாசம். எட்டு மணி மேட்ச் முடியப் பத்து ஆகும். கூட்டத்தோடு வெளியே வந்து ஸ்டேஷன் சேர இன்னும் கொஞ்சம். கும்மிடிப்பூண்டிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அதற்கு மேல் எளாவூருக்கு என்ன வண்டி கிடைக்கிறதோ அது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு சிப்காட்டில் நிற்க வேண்டிய ஒருவன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுபதாவது நிமிடத்தில் எழுந்துவிடுவான். இல்லையென்றால் வரவே மாட்டான்.

இதே கணக்கைப் போட்டு, சண்டை போட்டு, ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில்.

2017-18 சீசனில் புண்டெஸ்லிகா, சீசனுக்கு ஐந்து மேட்ச் என்ற கணக்கில் திங்கட்கிழமை இரவு ஆட்டங்களைக் கொண்டுவந்தது. ரசிகர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: வெளியூர் மேட்ச்சுக்குப் போகிறவன் செவ்வாய்க்கிழமை வேலைக்கு எப்படிப் போவான்? 2018 பிப்ரவரி 19 அன்று ஃப்ராங்ஃபர்ட் - லைப்சிக் மேட்ச்சில் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள். ஒரு வாரம் கழித்து டார்ட்மண்ட் - ஆக்ஸ்பர்க் மேட்ச். எண்பதாயிரம் பேருக்கு மேல் கொள்கிற அந்த மைதானத்துக்கு வந்தவர்கள் 54,300 பேர். உலகமே போட்டோ எடுக்கிற அந்தத் தெற்கு ஸ்டாண்டில் காலி இடம் தெரிந்தது. அந்த வருடம் நவம்பரிலேயே லீக் அறிவித்துவிட்டது, 2021-22 முதல் திங்கட்கிழமை மேட்ச் கிடையாது என்று.

ஏன் அங்கே நடந்தது? ஜெர்மானியர்கள் ஒழுங்கானவர்கள் என்றெல்லாம் சொல்லி முடித்துக்கொள்ள வேண்டாம். அங்கே ‘50+1’ என்றொரு விதி உண்டு. கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். ஒரு சில கிளப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் பெரும்பாலானவற்றில் நிர்வாகத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த பொதுக்குழுவில் அதே ஸ்டாண்ட் ஆட்களின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். புகாருக்குப் பின்னால் ஓட்டு இருந்தது.

இங்கிலாந்தில் ஓட்டு கிடையாது, காசுதான் பேசும். 2016 பிப்ரவரி 6, லிவர்பூல் - சண்டர்லாண்ட் மேட்ச். புது ஸ்டாண்டில் டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். 77ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலை, முடிவில் 2-2. நான்கே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையை வாபஸ் வாங்கினார்கள். கேட்க அழகான கதை. ஆனால் அதே ஊர் ரசிகர்களுக்கு அதற்கு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் அந்த நான்கு நாளின் அர்த்தம் புரியும்.

ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். 1981இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, டாட்டன்ஹாம் - உல்வ்ஸ். ஒரு பக்கக் கேலரியில் கூட்டம் நெருக்கி 38 பேருக்குக் காயம். இதைவிடத் தெளிவாக ஒரு மைதானம் புகார் சொல்ல முடியாது. என்ன பதில் வந்தது தெரியுமா? கேலரியைக் குறுக்கே வேலி போட்டுப் பிரித்தார்கள். மாடு அடைக்கிற பட்டி மாதிரி. முன்னால் ஏற்கெனவே வேலி, இப்போது பக்கவாட்டிலும் வேலி. 1989 ஏப்ரல் 15 அன்று அதே கேலரியில், நடுப் பட்டிகளுக்குள் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினார்கள். மொத்தம் 97 பேர் செத்தார்கள். ‘குடித்துவிட்டு வந்து ரகளை செய்தார்கள்’ என்று போலீஸும் ஒரு பத்திரிகையும் செத்தவர்கள் மேலேயே பழி போட்டன. ரசிகர்கள் மேல் தவறில்லை, அது சட்டவிரோதமான மரணம் என்று ஜூரி சொல்ல 2016 ஏப்ரல் ஆனது. 27 வருடம். டிக்கெட் விலைக்கு நான்கு நாள்.

நான் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல தடவை பார்த்திருக்கிறேன். 77 பவுண்டு விஷயத்தில் கிளப்புக்கு நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது. 1981இல் ரசிகன் சொன்னது ‘எனக்கு மூச்சு முட்டுது’ என்பது மட்டும்தான். அதைக் கேட்டவர்கள் அவனைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று யோசித்தார்களே தவிர, அவன் மூச்சு விடுவது எப்படி என்று யோசிக்கவில்லை.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு நாள் உண்டு. சிப்காட் வேலைக்கு வந்திருக்கிற வங்காளத் தம்பி ஒருவன் டீக்கடையில் சொல்லித்தான் அது எனக்கு உறைத்தது. அவன் ஈஸ்ட் பெங்கால் ஆள். அவர்களுக்கு இலிஷ் மீன், மோகன் பகான்காரர்களுக்கு இறால், இந்த மீன் சண்டையை வைத்தே அரை மணி நேரம் பேசுவான். ‘எங்க ஊர்ல ஆகஸ்ட் 15க்கு மிட்டாய், 16க்கு ரத்தம் அண்ணா’ என்றான். ரத்ததானத்தைச் சொல்கிறான். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இந்த இரண்டு அணிகளும் மோதின. இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் மைதானத்தில் தகராறு, இருவருக்கும் சிவப்பு அட்டை. கேலரியில் அடிதடி தொடங்கியது, நெரிசல், 16 பேர் செத்தார்கள். அந்தத் தேதியைக் கால்பந்து ரசிகர்கள் தினம் என்று வைத்து வருடாவருடம் ரத்ததான முகாம் நடக்கிறது. நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நினைவுநாள் செத்தவர்களுக்கானது. உயிரோடு கேலரிக்கு வருகிறவனின் வாசலும் படிக்கட்டும் வேறு கணக்கு.

சமீபத்தில் இந்தியாவில் ஒரு கிளப் ரசிகர்களுக்கு முறையாகப் பதில் சொல்ல முயன்றது என்றால் அது கொச்சி. 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. மஞ்ஞப்பட என்கிற ரசிகர் கூட்டம், இனிமேல் தாங்கள் டிக்கெட் வாங்கி விற்கப்போவதில்லை, போராடப்போகிறோம் என்று அறிவித்தது. பயிற்சியாளர் போனார். 2025 ஜனவரியில் ரசிகர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்கப்போவதாகக் கிளப் அறிவித்தது. பிரீமியர் லீக் கிளப்புகளில் இப்போது கட்டாயமாக இருக்கிற ஏற்பாட்டின் சாயல் அதில் உண்டு. ஆலோசனை சொல்லலாம், ஓட்டுப் போட முடியாது. அவ்வளவுதான் என்றாலும் அது ஒரு மேஜை, ஒரு நாற்காலி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேட்ச் நாளில் கொச்சி மெட்ரோ இரவு கூடுதல் நேரம் ஓடும், ஸ்டேடியம் வாசலிலேயே ஸ்டேஷன். எனக்குப் பொறாமை வருவது அந்த மெட்ரோவைப் பார்த்துத்தான்.

சென்னையில் இப்படி நடக்காது என்று சொல்லிவிட முடியாது. கிரிக்கெட்டுக்கு நடந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் காரணமாகச் சூப்பர் கிங்ஸின் மேட்ச்கள் புனேக்குப் போயின. ஏப்ரல் 19 அன்று சென்ட்ரலிலிருந்து ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு தனி ரயிலே கிளம்பியது, சுமார் ஆயிரம் ரசிகர்களோடு, கிளப் செலவில். மஞ்சள் சட்டைகளும் மேளமுமாக அந்த பிளாட்பாரத்தை டிவியில் பார்த்தபோது எனக்கு 1911தான் ஞாபகம் வந்தது. 2023 ஐ.பி.எல்.லில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டியே சென்னை மெட்ரோவில் ஓசியில் போகலாம் என்றார்கள். மெட்ரோ விம்கோ நகர் வரைதான், எங்கள் பாதையில் பாதிகூட வராது. ஆனால் யோசனை சரியானது: ரசிகனின் வழியும் மேட்ச்சில் சேர்த்திதான். சென்னையின் எஃப்.சி.யும் ஒருமுறை ‘சொந்த ஊர்’ மேட்ச்சைப் புனேயில் ஆடியிருக்கிறது, 2015 டிசம்பர் 12, அரையிறுதி. அன்றைக்கு ரயில் விடச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஊரே வெள்ளத்தில் கிடந்தது. மூன்று கோல் போட்டு ஜெயித்தார்கள், எட்டு நாள் கழித்துக் கோப்பையும் வாங்கினார்கள்.

கிரிக்கெட்டுக்குக் காசு இருக்கு, செய்றாங்க என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் மனதை அதிகம் அறுக்கிறது. டார்ட்மண்டில் காலி நாற்காலி ஒரு வாக்கியம். வழக்கமாக யார் அங்கே இருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் இன்றைக்கு ஏன் இல்லை என்ற கேள்வி வருகிறது. நம்மூர்க் கால்பந்தில் காலி நாற்காலி வெறும் காலி நாற்காலி. ‘ஆர்வமில்ல’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா, சீன தைபேயை 5-0 என்று அடித்தது. சுனில் சேத்ரி மூன்று கோல் போட்டார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோவில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்: திட்டுங்கள், கத்துங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று. அடுத்த மேட்ச் கென்யாவோடு, டிக்கெட் மொத்தமும் தீர்ந்தது. மனசை உருக்குகிற விஷயம்தான், நானும் உருகினேன். ஆனால் ஒரு கேப்டன் வாங்க என்று கூப்பிட்டதற்குப் பதில் கிடைத்த அந்த வாரத்தில், நீங்கள் ஏன் வரவில்லை என்று யாராவது ரசிகனைக் கேட்டிருந்தால் என்னென்ன பதில் வந்திருக்கும் என்ற யோசனை விடவில்லை. அதில் பாதி பஸ், ரயில், தண்ணீர், கழிவறை பற்றியதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

எளாவூர்க்காரன் புறக்கணிப்பதில்லை. அவன் கையில் பேனர் கிடையாது. சீசன் டிக்கெட் வாங்கி அதைக் கிழித்துப் போடுகிற வசதியும் கிடையாது. சும்மா வராமல் இருந்துவிடுகிறான். அந்த ‘வராமல் இருப்பது’ எந்தக் கிளப்பின் எந்தப் புகார்ப் பெட்டியிலும் விழுவதில்லை.

இதையெல்லாம் பேச இது நேரமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். 2025இல் லீக்கே தள்ளாடியது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் சீசன் நின்றுபோனது, வீரர்களின் சம்பளமே கேள்விக்குறி ஆனது, 2026 பிப்ரவரியில்தான் சுருக்கமாக ஒரு சீசனைத் தொடங்கினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று டீக்கடையில் வங்காளத் தம்பியிடம் சொன்னேன். யார் எந்த அணிக்கு, எத்தனை மேட்ச் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ‘எத்தனை மணிக்கு ஆரம்பம் அண்ணா?’ என்றான்.